மனைக்குள் அடங்காத பெயர்

1997இல் ஓசூரில் ஒரு தொழிற்பேட்டைச் சங்கத்துக்கு வரைபடம் தேவைப்பட்டது. வாசலில் ஏற்கெனவே பர்கூர் கருங்கல்லில் எல்லாக் கம்பெனிகளின் பெயர்களையும் வெட்டி வைத்திருந்தார்கள். எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருந்ததால் யாருக்கும் திருப்தியில்லை.

வேலை அக்பர் பாஷாவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தது. அங்கே வேலை பார்த்த வஜிஹா மனைகளைத் திரையில் வரைந்தாள். பெயர் எழுதுவது மென்பொருளின் பொறுப்பு. ஒரு மனைக்குள் எவ்வளவு பெரிய எழுத்து அடங்குமோ அவ்வளவு பெரிதாக எழுதும். கோட்டைத் தாண்டாது. ஆள் யாரென்று பார்க்காது.

மனைக்காரர்கள் வந்து பார்த்துக் கையெழுத்திட்டுப் போனார்கள். கடைசி நாள் மதியம் ஒரு மனை பாக்கி. மாலை படம் அச்சுக்குப் போகும் பெங்களூர் பஸ் கிளம்புவதற்குள் கையெழுத்து வராவிட்டால் அந்த இடம் வெறும் கட்டமாக அச்சாகும் என்று சங்கம் சொல்லிவிட்டது.

அந்த மனையில் கம்பெனி நடத்தும் ரத்தினவேல் வந்து திரைமுன் குனிந்தார்.

“எங்கம்மா நம்ம கம்பெனி?”

வஜிஹா விரல் வைத்தாள்.

“கொசு உக்காந்திருக்குன்னு நெனச்சேன்.”

“ஸ்ரீ நாராயணம்மா ரத்தினவேல் பிரிசிஷன் காம்பொனென்ட்ஸ் பிரைவேட் லிமிடெட். முழுசா இருக்குது சார்.”

பக்கத்து மனையில் நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலை. அதன் பெயர் மூன்றே எழுத்து. அறைக்கு வெளியிலிருந்தே படிக்கலாம்.

“மூடின கம்பெனிக்கு இவ்ளோ பெருசா?”

“அவங்களுக்கு எடம் பெருசு, பேரு சின்னது சார்.”

“நமக்கு?”

வஜிஹா முதலாளியைப் பார்த்தாள்.

“உங்க எடத்துல பாதி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போயிருச்சுங்களே சார்,” என்றார் பாஷா. “மீதி இருக்கறது கோடாலி மாதிரி இருக்குது. பேரு காம்புல நிக்குது.”

“கோட்டை லேசா தள்ளேன் பாய்.”

“அது சர்வே சார். தள்ளுனா பின்மனைக்கார வெங்கடப்பன் வந்து என்னைத் தள்ளுவான்.”

“பேரை வெளிய எழுதி ஒரு கோடு இழுத்துரலாம் சார்,” என்றாள் வஜிஹா.

வெளியே என்பது பேட்டையின் பொதுக் கழிப்பிடம். ரத்தினவேல் அதைப் பார்த்தார். வேண்டாம் என்றார்.

மிச்சமிருந்த வழி பெயரைக் குறைப்பது. பிரைவேட் லிமிடெட் போயிற்று. எழுத்து கொஞ்சம் தடித்தது. அவருக்கு ருசி கண்டுவிட்டது. காம்பொனென்ட்ஸ் போயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்ரீயை எடுக்கச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“நாராயணம்மாவை எடு.”

‘ரத்தினவேல் பிரிசிஷன்’ கம்பீரமாக நின்றது.

“இது பேரு! குடு, கையெழுத்துப் போடறேன்.”

பாஷா தாளை நீட்டவில்லை. “சார், ஓனர் கையெழுத்துதான் வேணும்.”

பெண் பெயரில் எடுத்தால் சலுகை உண்டு என்று யாரோ சொன்னதால் ரத்தினவேல் மனையை மனைவி பெயரில் வாங்கியிருந்தார். அதை அவர் மறந்து பல வருடமாகிவிட்டது. போன் பண்ணினார்.

நாராயணம்மா கம்பெனி வேனில் வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டித் திரையைப் பார்த்தாள்.

“நான் எங்க?”

“எடம் பத்தல. நீ விட்டுக் குடுத்துட்ட.”

“எப்போ?”

“இப்பத்தான்.”

அவள் தெலுங்கில் ஒன்று சொன்னாள். அறையில் எல்லாருக்கும் தெலுங்கு தெரியும். பாஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“இவரை எடுத்துட்டு என்னைப் போடும்மா.”

‘நாராயணம்மா பிரிசிஷன்’ வந்தது. எழுத்து சற்று இளைத்தது.

“பாத்தியா? என் பேருதான் குட்டை. அதுக்குத்தான் சொல்றேன்,” என்றார் ரத்தினவேல்.

“பிரிசிஷனையும் எடு,” என்றாள் நாராயணம்மா வஜிஹாவிடம்.

எடுத்தாள். நாராயணம்மா மட்டும் நின்றாள். பூட்டிய தொழிற்சாலைக்குப் பயப்படாத உயரம்.

“என்ன தொழில்னு தெரிய வேணாமா?”

“வர்றவன் கேட்டுக்குவான். பேனா குடுங்க பாய்.”

“இரு, இரு. அடியில பொடியா என் பேரையும் போடச் சொல்லு. இருபது வருசமா லேத்துல நின்னவன் நான்.”

வஜிஹா இரண்டாவது வரி சேர்த்தாள். மென்பொருள் இரண்டு வரிகளையும் சமமாக நசுக்கியது.

“இவரு உள்ள வந்தாரு, நான் பாதியாயிட்டேன்,” என்றாள் நாராயணம்மா. “எடு.”

வஜிஹா எடுத்தாள். பாஷா கடிகாரத்தைப் பார்த்து இருமினார். வெறும் கட்டம் ரத்தினவேலின் கண்முன் வந்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

“இனிஷியலாவது?”

‘ர’ வந்து முன்னால் நின்றது. பக்கத்தில் ஒரு புள்ளி. நாராயணம்மா ஒரு நூல் சிறுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, திரையை அளப்பதுபோல் பார்த்தாள்.

“சரி, ஒரு எழுத்துதானே. இருந்துட்டுப் போகட்டும்.”

ரத்தினவேல் மூச்சு விட்டார்.

“புள்ளி மட்டும் வேணாம்,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டாள்.