வடக்கே சாய்ந்த தொலைநோக்கி

விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த நாலு டன் தொலைநோக்கியை, ராஜபாளையத்து வெங்கடேஸ்வரி டீ கிளாஸைக் கீழே வைக்காமல், வெறும் நினைப்பாலேயே திருப்பினாள். நம்பாதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உக்கிரபாண்டியைக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் நம்பாதவர் அவர்தான்.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஒரு பஞ்சாலை மாடியில் வெங்கடேஸ்வரியோடு சேர்த்து ஐந்து பேருக்கு வேலை. தொலைநோக்கி அனுப்பும் படங்களில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றனவா, வால் முளைத்து இழுபட்டிருக்கின்றனவா என்று தினமும் பார்த்து, இழுபட்டிருந்தால் நிமிர்த்தும் கட்டளையை மேலே அனுப்ப வேண்டும். தலைமை உக்கிரபாண்டி. தாத்தா ஆண்டாள் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர் என்பதால், சாய்வதை நிமிர்த்துவது தன் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பார்.

அந்தச் சித்திரையிலிருந்து காலை பத்து நாற்பதானால் தொலைநோக்கி மயிரிழை வடக்கே சாய்ந்தது. வெங்கடேஸ்வரியின் கணவன் ஹரிகிருஷ்ணன், பட்டாளத்துக்காரன், தினமும் போன் பண்ணும் நேரம் அது. பனிமலைக் காவலுக்கு ஏறிய பிறகு அவனுக்கு சிக்னல் இல்லை. லீவும் மூன்று தடவை ரத்து.

"சார், நான் அவியளை நெனைக்கிற நேரத்துலதான் சாயுது."

"நெனைச்சா சாயுமாக்கும்! பட்டாளத்தான் பொண்டாட்டி அம்புட்டு பேரும் நெனைக்கிறதுக்கு, நிலா இந்நேரம் தரைக்கு வந்திருக்கணுமே. இன்னும் ஒரு வாரம் சாஞ்சுதுன்னா உன்னை வேலையில வைக்க முடியாது, பாத்துக்க."

அன்றிலிருந்து பத்து நாற்பதுக்கு அவள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள். அதையும் மீறி அவன் நினைப்பில் எட்டிப்பார்த்தால், பத்தொன்பதாம் வாய்ப்பாடு. சாய்வு நின்றது. தான் எழுதிய மூன்று வரி ப்ரோகிராம்தான் நிறுத்தியது என்று உக்கிரபாண்டி எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். ஏழு மாதம் போனது. அவன் புருவத் தழும்பு இடமா வலமா என்று ஒருநாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அன்று டீ ஆறிப்போனது.

கார்த்திகையில் தொலைநோக்கியைத் திருப்பும் சக்கரங்கள் இறுகிக்கொண்டன. அது வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டது. பாட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். மூன்று வரியை முப்பது தடவை அனுப்பியும் அசையவில்லை. உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அந்த வாய்ப்பாட்டை விட்டுரு. செத்த நேரம் அவரை நெனை."

"எம்புட்டு சார்?"

"இருக்கிறது பூராத்தையும்."

ஏழு மாதத்துச் சேமிப்பு அல்லவா! கீழே பஞ்சாலையில் நூல் சுற்றும் கதிர்கள் நின்றன. ராஜபாளையத்து நாய்கள் எல்லாம் வடக்கே பார்த்து உட்கார்ந்தன. நிலையில் நின்ற ஆண்டாள் தேர் ஒரு சாண் நகர்ந்தது. மேலே தொலைநோக்கி கால் வட்டம் திரும்பி வெயிலுக்கு வந்தது. தழும்பு வலப்புருவத்தில்தான் என்று அவளுக்கு நினைவு வந்தது.

தையில் ஹரிகிருஷ்ணன் லீவில் வந்தான். அந்த இருபத்தெட்டு நாளும் தொலைநோக்கி ஆணி அடித்தாற்போல் நின்றது. பிறகு மறுபடி மலை, மறுபடி சாய்வு. இப்போது தினசரி அட்டவணையில் பத்து நாற்பதிலிருந்து நாலு நிமிடம் வெங்கடேஸ்வரி பேருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அப்போது எந்த நட்சத்திரத்தையும் படம் எடுப்பதில்லை.

அது ஏன் என்று தலைமையகத்திலிருந்து வருஷா வருஷம் போன் வரும். உக்கிரபாண்டிதான் எடுப்பார்.

"நெனைச்சா சார், திரும்பிருச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."