முப்பத்தாறு சிவப்புப் பொட்டுகள்

லேத்துக்காரர் நல்ல மனிதர்தான், யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்கத் தெரியாத பிறவி. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் தன் அண்ணனுடைய சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவள். எப்படி நெளிந்த சக்கரத்தைக் கொடுத்தாலும், கம்பிகளை இங்கே கொஞ்சம் இறுக்கி அங்கே கொஞ்சம் தளர்த்தி நூல் பிடித்த மாதிரி நேராக்கிவிடுவாள். படுக்கையில் விழுவதற்கு முந்தைய வாரம், கை நடுங்க நடுங்க, தன் சொந்த சைக்கிளின் பின்சக்கரத்துக்கு உட்கார்ந்து கோட்டம் எடுத்தாள். அதுதான் கடைசி. அதன்பிறகு அவள் கம்பி முடுக்கும் சாவியைத் தொடவில்லை.

அந்த சைக்கிளின் சட்டம் இப்போது துருப்பிடித்து வெடித்துவிட்டது. மகளோ திங்கட்கிழமை அச்சகத்தில் வேலையில் சேர வேண்டும். தெரிந்தவர் ஒருவர் வேறு சட்டம் கொடுத்தார். நல்ல சட்டம்தான், ஆனால் பின்சக்கரம் உட்காரும் இடம் பத்து மில்லி அதிக அகலம். வேறு சக்கரம் வாங்கி மாட்டினால் ஐந்து நிமிட வேலை. மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மா சக்கரம்தான்ப்பா வேணும். என்ன வேணா மாத்துங்க, கம்பியில மட்டும் கை வைக்காதீங்க. அம்மா விட்ட மாதிரியே இருக்கட்டும்."

"நான் எதுக்கும்மா கம்பியத் தொடப் போறேன்? நீளமா ஒரு அச்சு, பத்து மில்லிக்கு ஒரு வளையம். முடிஞ்சுது வேலை."

"சத்தியமா?"

"அட, சத்தியமாம்மா."

மகள் வேலைக்குப் போட்டுக்கொள்ளச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். மச்சான், மனைவியின் அண்ணன், சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். சைக்கிளே அவர் தொழில். காத்திருந்திருக்கலாம். "இதுக்கெல்லாம் எதுக்கு அவரு?" என்று சமையலறை வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார் இவர்.

அச்சை முந்தின நாளே பட்டறையில் கடைந்து மரை போட்டு எடுத்து வந்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. பழைய அச்சைக் கழற்றி, பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் தடவி, புது அச்சைச் செருகினார். பிறகு வளையம். லேத்து பிடிக்கிறவன் முதலில் இரும்பின் ஒரு முகத்தை, அதாவது ஒரு பக்கத்தை, நேராக்க வேண்டும், அப்புறம் எல்லா அளவும் அந்த முகத்திலிருந்துதான். முப்பது வருடப் பழக்கம். பல்சக்கரம் இருக்கும் வலதுபக்கத்தை அந்த முகமாக வைத்துக்கொண்டு, பத்து மில்லி வளையத்தை அப்படியே இடதுபக்கம் போட்டு முடுக்கினார்.

சக்கரம் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ரிம் நடுவில் இல்லை. ஐந்து மில்லி வலதுபக்கம் தள்ளி நின்றது. சுற்றிவிட்டால் டயர் சட்டத்தில் உரசியது.

"இதென்னடா வம்பு" என்று தலையைச் சொறிந்தார். கழற்றி மாட்டினார். மறுபடி கழற்றி மாட்டினார். மணி மூன்றாகிவிட்டது. மகள் வந்து பார்க்கும்போது சைக்கிள் நிற்க வேண்டும், நாளை அவள் அதில் ஏறிப் போக வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே இல்லை. போய் மனைவியின் கருவி டப்பாவைத் திறந்து கம்பிச் சாவியை எடுத்தார்.

சாவி உட்காரவில்லை. ஒவ்வொரு கம்பியும் ரிம்மோடு சேரும் பித்தளைத் திருகின்மேல், பாதி திருகிலும் பாதி ரிம்மிலுமாக, ஒரு சிவப்பு நகச்சாயப் பொட்டு. அவள் முடித்த சக்கரம் எல்லாவற்றுக்கும் இப்படி வைப்பாள். "சக்கரத்துக்கு என்ன கல்யாணமா?" என்று அவர் கிண்டல் செய்வார், அவள் சிரிப்பாள். ஏன் வைக்கிறாள் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை.

பேனாக்கத்தியால் சுரண்டினார். முப்பத்தாறு பொட்டுகள். பிறகு இடதுபக்கக் கம்பிகளை இறுக்கினார், வலதுபக்கத்தைத் தளர்த்தினார், கண்ணளவாக, எண்ணிக்கை எதுவும் இல்லாமல். ஒரு மணி நேரத்தில் ரிம் நடுவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் ஆடியது. ஆனால் உரசவில்லை.

மச்சானும் மகளும் வழியில் சந்தித்துச் சேர்ந்தே வந்தார்கள்.

"என்ன மாப்ள, இன்ஜினியர் ஆயிட்டீங்க போல" என்று சிரித்துக்கொண்டே மச்சான் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சிரிப்பு நின்றது. பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "செயின் சாஞ்சு ஓடுது. வளையத்த எங்க போட்டீங்க?"

"இடது பக்கம்."

"பத்தும் ஒரே பக்கமா? அஞ்சு இங்க, அஞ்சு அங்கன்னு போட்டிருந்தா ரிம்மு நடுவுலயே நின்னிருக்குமே மாப்ள! செயினும் நேரா ஓடியிருக்கும். கம்பியத் தொடவே வேண்டாமே!"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "கம்பியத் தொட்டீங்களா?"

அவர் கம்பிச் சாவியைச் செய்தித்தாளின்மேல் வைத்தார்.

"அதனால என்ன, பழையபடி திருப்பிடலாம்" என்று மச்சான் அவசரமாகக் குனிந்தார். "அவ அடையாளம் வச்சிருப்பா. திருகுல பாதி, ரிம்முல பாதி. யாராவது கை வச்சா பொட்டு விலகிடும், மறுபடி சேர்த்தா அவ விட்ட இடத்துக்கே வந்துடும். அதுக்குத்தானே வைப்பா." ரிம்மைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "எங்க மாப்ள பொட்டு?"

லேத்துக்காரர் செய்தித்தாளைக் காட்டினார். கிரீஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் சிவப்புத் துகள் சிதறிக் கிடந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "அவ அழகுக்கு வைக்கிறான்னுதான் நெனச்சேன். சத்தியமாத் தெரியாதும்மா."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். புதுச் செருப்புப் பையைச் சுவரோரம் வைத்தாள்.

"சரி விடுங்க மாமா. வளையத்த மாத்திட்டு நீங்களே கோட்டம் எடுத்துக் குடுங்க. காலைல வேலைக்குப் போகணும்."

"அம்மா சக்கரம்..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"இனிமே எந்தச் சக்கரமா இருந்தா என்னப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மச்சான் சாவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். லேத்துக்காரர் செய்தித்தாளின்மேல் குனிந்து, அந்தச் சிவப்புத் துகள்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தார். பாதிக்குமேல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை.