நாலு விரல் குறைவாகப் புதைந்த வண்டி

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். வீட்டிலிருந்து கிளினிக்குக்கு ஒரே நேர் ரோடு, கன்னத்தைத் தடவுகிற மாதிரி வழவழவென்று இருக்கும். வாசலில் ஈரம் இருந்தாலே நுனிக்காலில் நடக்கிற மனுஷன். அவருக்குத்தான் போன வருஷம் காடு மலையெல்லாம் ஏறுகிற வண்டி வேண்டும் என்று பித்துப் பிடித்தது.

இரண்டு வண்டிகளுக்குள் போட்டி. ஒன்று சதுரமாக, சக்கரம் வைத்த பீரோ மாதிரி இருக்கும். இன்னொன்று குளித்து எழுந்த எருமை. நான் அப்படியே பேர் வைத்துவிட்டேன்.

"கிண்டல் பண்ணாதே. இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றார்.

கிளினிக் முன்னறையில் டோக்கன் கொடுப்பது நான்தான். உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழும். நோயாளி வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, "நீங்களா இருந்தா எதை வாங்குவீங்க?" என்று கேட்பார். அவர்கள் "ஆ... ஆ..." என்று அலறியதையெல்லாம் பீரோவுக்கு விழுந்த ஓட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இதற்குள் என் தங்கை புருஷன் முந்திக்கொண்டு எருமையை வாங்கிவிட்டார். அவருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் ஏசி அறை உத்தியோகம். எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்து, "அண்ணே, இனிமே யோசிக்கவே வேண்டாம். கண்ணை மூடிட்டு இதையே வாங்குங்க" என்றார்.

இவர் முகம் சுருங்கிப்போனது. "அது சொகுசு வண்டி, தம்பி. சேத்துல இறங்கினா தெரியும்."

"இறக்கிப் பாத்துடுவோமா?"

அந்த வார்த்தையில்தான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே பாதி வற்றின ஏரிக்குப் போனோம். தங்கை எருமையில் வந்தாள். ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று ஷோரூமில் கேட்டு வாங்கிவந்த பீரோவில் நாங்கள். கூடவே வந்த ஷோரூம்காரர், "சார், ரோட்டுலயே பாத்துக்கலாமே சார்" என்று வழியெல்லாம் கெஞ்சினார். யார் கேட்டார்கள்!

கரையில் எங்களை இறக்கிவிட்டு முதலில் எருமை இறங்கியது. கொஞ்ச தூரம் ஜம்மென்று போனது, அப்புறம் உறுமியது, அப்புறம் உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். எங்கள் கல்யாணத்தன்று கூட நான் அதைப் பார்த்ததில்லை.

"நான் இழுத்து வெளியே போடறேன் பாரு" என்று பீரோவை இறக்கினார். எருமைக்குப் பக்கத்திலேயே போய் அதுவும் உட்கார்ந்தது.

இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றார்கள். வண்டியை எப்படி எடுப்பது என்று பேசுவார்கள் என்று நினைத்தேன்.

"உன்னுது அச்சு வரைக்கும் போயிடுச்சு. என்னுது பாதி டயர்தான்."

"நல்லா பாருங்கண்ணே, உங்களுதும் அவ்வளவுதான்!"

குனிந்து, சாண் போட்டு, விரல் வைத்து அளந்தார்கள். நாலு விரல் வித்தியாசமாம். ஷோரூம்காரர் போனில் டிராக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

"வாடி, போகலாம்" என்றேன். தங்கையும் நானும் கரையோரமாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்தும் நாங்கள் தனியாகப் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது. பாதி வழியில் அவள் நின்றாள்.

"அக்கா, என் பிரசவத்தப்போ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போனேன், ஞாபகம் இருக்கா? கார் சீட் கறையாயிடும்னார். இப்போ பாரு, புது வண்டியே சேத்துல நிக்குது."

சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வரும்வரை விடவில்லை.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார், இடுப்புவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. "முடிவு பண்ணிட்டேன். பீரோதான். நாலு விரல் கம்மியாத்தான் புதைஞ்சுது." தன் வாயாலேயே பீரோ என்றதை அவர் கவனிக்கவில்லை.

"பழைய காரைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கப்போறேன்" என்றார்.

"அதைக் குடுக்காதீங்க. எனக்கு வேணும்."

"உனக்கா? ஓட்டத் தெரியாதே!"

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

மறுவாரமே நானும் தங்கையும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். இப்போது அந்தப் பழைய காரில், நல்ல தார் ரோட்டில், பிடித்த இடத்துக்கெல்லாம் போய்வருகிறோம். அவள் ஓட்டும்போது நான் ஜன்னலில் கைவைத்து வேடிக்கை பார்ப்பேன்.

பீரோ கிளினிக்குக்கும் வீட்டுக்கும் போய்வருகிறது. போன வாரம் நாங்கள் திரும்பி வரும்போது, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு முன்னால் அது நின்றிருந்தது. கட்டட வேலைத் தண்ணீர் தேங்கின சேற்றில் என் வீட்டுக்காரர் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இறங்கி, கதவுவரை சேறு தெறித்திருக்கிறதா என்று பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது. மறுபடியும் ஏறினார்.

"நிறுத்தட்டுமாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"வேண்டாம், நீ போ" என்றேன்.