அஞ்சு ரூபாய்க்குக் கேட்ட வீடு

ஆனி மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. அதற்குள் மருதாத்தாளுக்கு ஒரு வாடகை வீடு கிடைத்தாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி போகவும் மாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள். கோர்ட்டு அமீனாவுக்கு ஏது ஆடியும் ஆவணியும்? ஆடி நாலாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டையும் நாலு ஏக்கர் தோட்டத்தையும் ஜப்தி செய்ய வருவதாக நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு உள்ளே ஆள் இருந்தால் சட்டி பானையைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். பக்கத்து ஊரில் போன வருஷம் அப்படி நடந்ததை மருதாத்தாள் நேரிலேயே பார்த்திருந்தாள். அந்த வீட்டுக்காரி தெருவில் கிடந்த ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோலம் தனக்கு வரக் கூடாது. அமீனா வருவதற்குள் தங்கள் காலாலேயே நடந்து வெளியே போய்விட வேண்டும். மருதாத்தாள் சாமியிடம் கேட்டது அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கிணற்றால் வந்த வினை. மலையாளத்து எல்லைக்குள் இருந்த கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர்கள் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்துகிறேன் என்று அவள் புருஷன் குப்பண்ணன் பாங்கில் கடன் வாங்கினான். ஊர்ப் பேரிலேயே பாறை இருக்கிறதே, கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அறுபதடியில் பாறை வந்தது. பாறையை உடைக்க இன்னொரு கடன், வராத தண்ணீரை இறைக்க மோட்டாருக்கு மூன்றாவது கடன். இரண்டு வருஷம் மழை பொய்த்துக் கடலைக்காய்க் கொடி காய்ந்தது. தண்ணீருக்குப் பதில் நோட்டீஸ் வந்தது. அதை வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போன நாளிலிருந்து குப்பண்ணன் ஊருக்குள் தலை காட்டுவதில்லை. யாராவது எதிரே வந்தால் வரப்பில் இறங்கிச் சுற்றிப் போய்விடுவான். மூன்று மாதமாக அவன் வெளி மனிதர் யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. வீடு தேடுகிற வேலை மருதாத்தாள் தலையில் விழுந்தது.

கதவில் ஒட்டின காகிதத்துக்குக் கால் முளைத்து அவளுக்கு முன்னால் ஊரெல்லாம் போய் நின்றது. கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீடு காலி என்று கேள்விப்பட்டுப் போனாள். வீட்டுக்காரர் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்துவிட்டு, "ஆரூட்டு அம்மிணி நீ?" என்று கேட்டார். குப்பண்ணன் சம்சாரம் என்றதும் சாவிக் கொத்து மறுபடி இடுப்புக்கே போய்விட்டது. "என்ற மச்சான் ஒருத்தர் வர்றதாச் சொல்லியிருக்கறாரு" என்றார். அந்த மச்சான் இன்று வரைக்கும் வந்து சேரவில்லை. வீடும் பூட்டியேதான் கிடக்கிறது.

அடுத்தது ரேஷன் கடைக்காரர். மலையாளி, மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, "சொந்தமாயிட்டு வீடுண்டோ?" என்று கேட்டார். ஆடி நாலாம் தேதி வரைக்கும் உண்டு என்றாள் மருதாத்தாள். பொய் சொல்லிப் பழகாத வாய். சொந்த வீடு இல்லாதவர்களுக்குத் தான் வாடகைக்கு விடுவதில்லை என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். சொந்த வீடு இருக்கிறவன் வாடகை வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான், புளி காயப் போடுவானா என்று வழியெல்லாம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வந்தாள். பேசாமல் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிடச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் இனி அவர்களுக்குச் சோறு போடப் போவது அவளுடைய மாடுதான். அது அவள் அம்மா வீட்டுச் சீதனம், பாங்குக்காரர்கள் எழுதிக்கொண்டதில் சேராதது. அந்த மாட்டின் பாலை வாங்குகிற வீடுகளும் சொசைட்டியும் இங்கேதான் இருந்தன.

மிச்சம் இருந்தது கடலைக்காய் மண்டி ரத்தினசாமியின் வீடு. பொள்ளாச்சி ரோட்டோரம் மண்டியோடு சேர்ந்த அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் மாடு கட்டக் கொஞ்சம் இடம். மண்டிக் காவல்காரன் காலி செய்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரத்தினசாமி அவளைப் பார்த்த உடனே விரட்டவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"எட்டு ரூவா. மாசம் பொறந்தாக் கைல வந்தரோணும்" என்றார்.

மருதாத்தாளுக்கு உள்ளுக்குள் மாரியம்மன் கோயில் மணி அடித்தது. எட்டு என்றால் எட்டு என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து ஒரு கட்டுக் கீரையைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. வார்த்தை தானாக வந்தது.

"அஞ்சு ரூவாய்க்குக் குடுங்க."

ரத்தினசாமியின் முகம் சட்டென்று வெளுத்தது. "அஞ்சா? ஆரு சொல்லிக் குடுத்தா உனக்கு அஞ்சு ரூவான்னு கேக்கச் சொல்லி?"

"ஆரும் சொல்லலீங்க. அஞ்சு கட்டாதுன்னா ஆறு..."

"ஆறும் வேண்டாம், நூறும் வேண்டாம். ஊடு இல்லை. போ அம்மிணி, நீ போ மொதல்ல."

கதவு சாத்திக்கொண்டது. மருதாத்தாள் ரோட்டில் நின்றாள். தப்பாக என்ன கேட்டோம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. பேரம் பேசினால் கூடக் கொஞ்சம் கேட்பார்கள், திட்டுவார்கள், பயப்படவா செய்வார்கள்? வீட்டுக்கு வந்து தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொண்டாள். எட்டு ரூபாய்க்குக் கிடைத்த வீட்டை நாக்கால் தொலைத்துவிட்டு வந்ததைக் குப்பண்ணனிடம் சொல்லக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ரத்தினசாமியின் சம்சாரம் நாச்சம்மாள் எதிரே வந்தாள். கையில் தூக்குப் போசி. சொந்தமாக மாடு வைத்தால் மண்டி வேலை கெடும் என்பது ரத்தினசாமியின் கட்சி. அதனால் காசிருந்தும் அந்த வீட்டில் டீக்கடைக்காரன் ஊற்றுகிற தண்ணீர்ப் பாலைத்தான் குடிக்க வேண்டியிருந்தது.

"என்ற ஊட்டுக்காரரை நேத்து என்ன பண்ணிப்போட்டுப் போனே அம்மிணி?" என்றாள் நாச்சம்மாள். "ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் போயி அந்தூட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பாத்துட்டு வந்தாரு."

"நான் ஒண்ணும் பண்ணலீங்க்கா. அஞ்சு ரூவாய்க்குக் கேட்டனுங்க. அதுக்கு இப்பிடி..."

"அதுதான் கேடு!" நாச்சம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அஞ்சு ரூவாய்க்கு மேல வாடகை போகாததெல்லாம் சட்டத்துல குடிசைக் கணக்குன்னு ஆரோ வக்கீல் குமாஸ்தா இவருகிட்டச் சொல்லிப்போட்டான். சொந்த ஊடு இல்லாத ஆளை அதுல குடி வெச்சா குடிகிடப்பு ஆயிருமாமா. அப்புறம் ஊடும் அவங்குளுக்கு, சுத்தி பத்து சென்டு நெலமும் அவங்குளுக்கு. அதையே நெனச்சுப் பயந்துட்டு இருக்கற மனுசன்கிட்ட நீ நேரா வந்து அஞ்சு ரூவான்னே. இவ எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கறான்னு நடுங்கிப் போயிட்டாரு."

மருதாத்தாள் காலிப் பால் கேனை ரோட்டோரம் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதத்தில் அது முதல் சிரிப்பு. சிரித்து முடித்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடிகிடப்பு அவளுக்குத் தெரியாததல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தோட்டத்துக் குடிசையில் இருந்த பண்ணையாள் சட்டப்படி பத்து சென்ட் எழுதி வாங்கியபோது குப்பண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அவன் தன் பத்து சென்டில் நிம்மதியாக முருங்கை நட்டுக்கொண்டிருக்கிறான், அவளைப் பார்த்து ஊர் பயப்படுகிறது. ரேஷன் கடைக்காரர் கேட்ட கேள்விக்கும் இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நாச்சம்மாளுடனேயே நடந்து மண்டிக்குப் போனாள். ரத்தினசாமி அவளைப் பார்த்ததும் சாக்குக் கட்டுக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.

"ஏனுங்க, எனக்கு அஞ்சு ரூவாய்க்கு வேண்டாமுங்க" என்றாள் மருதாத்தாள். "எட்டுக்கும் வேண்டாம். பத்து ரூவாய்க்குக் குடுங்க. பத்துன்னே காயிதத்துல எழுதுங்க."

வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்த மனிதர், சொன்ன விலைக்கு மேல் கேட்கிற ஆளை அதுவரை பார்த்ததில்லை. நல்லதுதான் என்று அவர் முகம் ஒரு நொடி தெளிந்தது. அடுத்த நொடியே வேறு பயம் பிடித்துக்கொண்டது.

"பாங்குக்குக் கட்ட முடியாமத்தானே அம்மிணி இந்தக் கதிக்கு வந்தீங்க? எனக்கு மட்டும் எப்பிடிப் பத்துக் குடுப்பே?"

குறைத்து வாங்கினால் வீடு போய்விடும், கூட்டிக் கேட்டால் வாடகை வராது. பாவம், ரத்தினசாமிக்கு இரண்டு பக்கமும் அடி. மருதாத்தாளுக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

"ரூவாயா வேண்டாமுங்க, பாலாக் குடுக்கறனுங்க. தெனம் காத்தால ஒரு ஒழக்குப் பால். மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, பத்து ரூவாய்க்குக் கொறையாது. ஒரு நாளைக்குப் பால் வரலீன்னா அன்னைக்கே எங்களை எறக்கி உட்டுருங்க. பாங்குக்காரங்களாட்டம் மூணு வருசம் காத்துக் கெடந்து நோட்டீசு ஒட்ட வேண்டாம்."

பதில் உள்ளேயிருந்து வந்தது.

"சொசைட்டியில இவ பாலைத்தான் மொதல்ல அளக்கறாங்கொ" என்று நாச்சம்மாள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "தண்ணி கலந்துருக்குதான்னு கருவி போட்டுப் பாக்கறதுகூட இல்லையாமா. எனக்கு இந்த டீக்கடைத் தண்ணி வேண்டாஞ் சாமி. நீங்க குடுக்கறீங்களா, நான் சாவியெடுத்துக் குடுக்கட்டுமா?"

ஊரில் எல்லாத் திண்டாட்டத்துக்கும் நடுவில் பாலில் மட்டும் அவள் பேர் கெடவில்லை. ரத்தினசாமி பெருமூச்சு விட்டுக் காகிதத்தை எடுத்தார். பத்து ரூபாய் என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, எழுத்துக்குக் கீழே இரண்டு கோடும் போட்டார். குடிகிடப்பு உரிமை எதுவும் கேட்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தார். இந்த வரி கோர்ட்டில் நிற்குமோ நிற்காதோ என்று தானே முணுமுணுத்தார்.

"உங்கூட்டுக்காரரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

"அவரு கையெழுத்துப் போட்டுத்தானுங்க இப்பிடி ஆச்சு. குடுங்க, நான் போடறன்."

ஆனி முடிய ஒரு நாள் இருக்கையில் ஒரே வண்டியில் சாமான் ஏறியது. மாடு பின்னால் நடந்து வந்தது. கதவைப் பூட்டியபோது நோட்டீஸ் கதவிலேயே இருந்தது. குப்பண்ணன் அதைப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. வண்டிக்குப் பின்னால் மாட்டோடு மாடாக வந்தான். புது வீட்டிலும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். காலையில் பால் கறந்து ஒரு உழக்கைத் தலை வழிய அளந்து நாச்சம்மாளிடம் கொடுத்துவிட்டு வரும்போதெல்லாம், தலைக்கு மேல் ஓடு இருக்கிறது, இந்த மனிதர்தான் இன்னும் தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்று மருதாத்தாளுக்குத் தோன்றும். அமீனா வந்து தூக்கிப் போட்டிருந்தால்கூட இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆடி நாலும் வந்தது. பத்து மணிக்கு அமீனா வந்து, காலி வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு, பதினொரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாராம். ரோட்டில் போன யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த காரியம் பீடி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. மருதாத்தாள் வேலை எதுவும் ஓடாமல், தரையில் சாய்த்து வைத்திருந்த முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். மாட்டுவதற்குச் சுவரில் ஆணி இல்லை.

குப்பண்ணன் எழுந்தான். மூட்டையைக் கிளறி ஒரு ஆணி எடுத்துச் சுவரில் வைத்து, அம்மிக் குழவியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஊட்டுக்காரரைக் கேக்காம அடிக்கலாமா?" என்றான்.

"நான் போயிக் கேட்டுட்டு வர்றனுங்க."

"நீ இரு." அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நானே போறன்."

மருதாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். அவன் வரப்பில் இறங்கிச் சுற்றவில்லை, ரோட்டின் மேலேயே நேராக நடந்து மண்டி வாசலுக்குப் போனான். ரத்தினசாமி எழுந்து வந்தார். பேசியது அவள் காதில் நன்றாக விழுந்தது.

"ஏனுங்க, ஒரு ஆணி அடிச்சுக்கலாமுங்களா?"

"ஆணியா?" ரத்தினசாமியின் குரலில் பழைய பயம் தலை தூக்கியது. "சொவத்துலயா?"

"ஆமாங்க. ஒண்ணே ஒண்ணு. போறப்ப புடுங்கிப்போட்டு, ஓட்டையைச் சுண்ணாம்பு வெச்சு அடைச்சுக் குடுத்தர்றனுங்க."

இரண்டு கோடு போட்ட காகிதம் கொடுக்காத நிம்மதியை அந்த ஒரு சொல் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

"போறப்பவா?" என்றார். குரலே மாறிவிட்டது. "அதெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாமுங்க. எதுக்கு ஒண்ணு, நாலு அடிச்சுக்குங்க."

குப்பண்ணன் திரும்பி வந்தான். வருகிற வழியில் சைக்கிளில் போன ஒருவர் ஏதோ கேட்டார். அவன் நின்று பதில் சொன்னான்.

"நாலு அடிச்சுக்கலாமாமா" என்றான் வீட்டுக்குள் நுழைந்து.

மருதாத்தாளுக்கு நாலு ஆணி பெரிதாகப் படவில்லை. போறப்ப என்று அவன் சொன்னதுதான் காதிலேயே நின்றது. இங்கேயிருந்தும் போகிற ஒரு நாள் உண்டு, போய்ச் சேருவதற்கு எங்கேயோ ஒரு வீடு உண்டு என்று இந்த மனிதர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நோட்டீஸ் வந்தபோதும், வண்டி ஏறியபோதும் வராத அழுகை இப்போது வந்தது. அவள் அடக்கவில்லை, சத்தமாகவே அழுதாள். நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

"ஏம் புள்ளே, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைச் சுவரில் தூக்கிப் பிடித்தாள். "இன்னுங் கொஞ்சம் மேல அடிங்க. என்ற தலை தெரியோணுமில்ல?"