கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள்

கடையை மூடிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே நிக்காஹ் எழுதும் பள்ளிவாசல் ஹஜ்ரத், அவர் மடியில் பதிவேடு, பக்கத்தில் இரண்டு சாட்சிகள், இஸ்திரி கலையாத சட்டையில் அண்ணன்.

ஊரார் கண்ணாடிக்காரி என்று கூப்பிடும் இவள், கணவன் இறந்து மூன்று வருஷமாக அவன் விட்டுப்போன கடையில் தானே லென்ஸ் தேய்த்து, தானே ஃபிரேமில் பொருத்தி, யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைக்கிறவள். அதுதான் அண்ணன் கண்ணை உறுத்தியது. அவரே அவளுக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒரே நிபந்தனை, பெண் கடைக்குப் போகக் கூடாது. கடையை அண்ணன் பார்த்துக்கொள்வாராம். என்ன கரிசனம் பாருங்கள்!

வேண்டாம் என்று அவள் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. "வெக்கப்படுறா" என்று அண்ணன் சிரித்தே மழுப்பிவிட்டார்.

அண்ணி அவளை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "மாப்பிள்ளை பள்ளிவாசல்ல காத்திருக்காரு. நீ சும்மா தலையக் குனிஞ்சு உக்காரு, அது போதும்."

பத்தொன்பது வயதில், முதல் கல்யாணத்தில், அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதையே சம்மதம் என்று எழுதினார்கள். இப்போதும் பெரியவர்கள் முன்னால் இவள் எங்கே வாயைத் திறக்கப்போகிறாள் என்ற தைரியம் அண்ணனுக்கு.

ஹஜ்ரத் கதவருகே வந்து, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். அவளுக்கு நாக்கு எழவில்லை. பயம்தான், பொய் சொல்வானேன்.

"வாயத் திறக்கல பாருங்க, சம்மதம்தான். எழுதுங்க" என்றார் அண்ணன். சாட்சியாக வந்த மாமா தலையாட்டினார். ஹஜ்ரத்தும் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டார்.

"ஹஜ்ரத், நில்லுங்க." ஒருவழியாக அவளுக்குக் குரல் வந்துவிட்டது. "பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கறது கன்னிப் பொண்ணுக்குத்தானே? ஒரு தடவ கல்யாணம் ஆனவ வாயால சொல்லணும்னு நீங்கதானே பள்ளிவாசல் பயான்ல பேசும்போது சொன்னீங்க?"

ஹஜ்ரத்தின் முகம் சுண்டிப்போனது. "ஆமாம்மா, தப்பு என்னோடது. நீயே சொல்லு."

"வேண்டாம். இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

"சபையில பொம்பள பேசுற பேச்சா இது?" மாமா சீறினார்.

"என்கிட்டதானே மாமா கேட்டாங்க? அப்ப நான்தானே பதில் சொல்லணும்?"

அண்ணன் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "ஏதோ கோவத்துல பேசுறா ஹஜ்ரத். ஒரு வாரம் கழிச்சு வாங்க, நான் பேசி சரிபண்ணிடறேன்."

இதில்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு பேர் கேட்க வேண்டாம் என்று சொன்னதைக்கூட இந்த மனுஷன் மழுப்பப் பார்க்கிறாரே! விறுவிறுவென்று கூடத்துக்கு வந்து, சாட்சிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"சம்மதம்னா எழுதியிருப்பீங்கல்ல, ஹஜ்ரத்? வேண்டாம்னதையும் தேதி போட்டு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

ஹஜ்ரத் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடிவைத்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் கையெழுத்திட்டு, பேனாவை அண்ணனிடம் நீட்டினாள்.

"சாட்சி நீங்கதாண்ணே. போடுங்க."