சின்ன முதலாளிக்குப் பிடித்த துப்பாக்கி

ஆள் சாகக் கூடாது, ஆனால் சுரீரென்று உறைக்க வேண்டும். அப்படி ஒரு துப்பாக்கிதான் எங்கள் சின்ன முதலாளி நந்தகோபாலுக்கு வேண்டியிருந்தது. மூன்றை வரவழைத்து ஆபீஸ் மேசைமேல் துணி விரித்து வைத்திருந்தார். பெண் பார்க்கப் போனவன்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான். ஒன்றைத் தூக்குவார், தடவுவார், ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்ப்பார், கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நாலு நாளாக ஷாப் வேலை எல்லாம் அப்படியே கிடந்தது.

ஏர் கன்தானாம். காற்றில் சுடுவது, லைசென்ஸ் வேண்டாமாம். யாரைச் சுடுவதற்கு? வேறு யாரை, எங்கள் தெருப் பெண்டுகளைத்தான்.

ஆம்பூரை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருந்த அந்தத் தோல் பதனிடும் ஷாப் அவருடைய மாமனாருடையது. பெரியவர் படுத்த படுக்கையாகி, அறுபத்திரண்டாம் வருஷம் மருமகன் மெட்ராசிலிருந்து பொறுப்பேற்க வந்தார். பி.ஏ. படித்தவர். ஈரத் தோலைக் கையால் தொட மாட்டார், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க மாட்டார். நான் அங்கே சுண்ணாம்புக் குழியிலிருந்து தோல் தூக்குகிற தனபாக்கியம். பதினாறு வருஷமாகத் தூக்கி என் கை விரல் நகத்தையெல்லாம் சுண்ணாம்பு தின்றுவிட்டது.

தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வைக் கத்தியால் வழித்து ஷாப்புக்குப் பின்னால் கொட்டுவோம். அதை அள்ளிக்கொண்டு போய், வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற அப்துல் சமத் பாயிடம் போட்டு நாலு காசு பார்ப்பது எங்கள் தெருப் பெண்களின் பிழைப்பு. பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். பெரியவர் "எடுத்துட்டுப் போங்கம்மா, நாத்தமாவது கம்மியாவும்" என்பார். மருமகன் வந்த மூன்றாம் மாதமே சவ்வை மொத்தமாக ஒரு காண்டிராக்டருக்கு விட்டுவிட்டு முள்வேலி போட்டார். பெண்கள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். பின்னே, வயிற்றுக்குக் காண்டிராக்ட் தெரியுமா?

அப்படி வருகிறவர்களில் முதல் ஆள் என் தங்கை தேவகி. அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது, என் இடுப்பிலேயே வளர்ந்தாள். கட்டியவன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்கென்று போனவன் போனவன்தான். தேவகியோ திமிர் பிடித்த கழுதை. "வராதடி, அந்தாளு துப்பாக்கி வாங்கறான்" என்றேன்.

"நான் வராங்காட்டி நீயா சோறு போடுவே? உன் கூலி உன் வூட்டுக்கே பத்தல" என்றாள்.

அவள்மேல் குண்டு படக்கூடாது. வேறு எந்தக் கவலையும் எனக்கு அப்போது இல்லை.

மூன்று துப்பாக்கியையும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். முதலாவது நீளம். குழலை மடக்கி, ஒரு குண்டை வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். இரண்டாவது குட்டை, ஆனால் அதே கதைதான். அந்த இரண்டுக்கும் நான் பயப்படவில்லை. ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி மடக்கி நிமிர்த்துவதற்குள் தேவகி ரயில்வே லைனைத் தாண்டியிருப்பாள். மூன்றாவதுதான் எமன். கைத்துப்பாக்கி. அமெரிக்கா போய்வந்த சிநேகிதர் கொடுத்ததாம். அதன் வயிற்றுக்குள் ஒரு கேஸ் குப்பி போகும். பத்துக் குண்டு. மடக்க வேண்டாம், நிமிர்த்த வேண்டாம். விரலை இழுக்க இழுக்க டப் டப்பென்று போய்க்கொண்டே இருக்கும். சின்ன முதலாளி மற்ற இரண்டையும் பேருக்குத்தான் தூக்கினார். அவர் கண்ணெல்லாம் அதன்மேல்தான் இருந்தது.

நாலாம் நாள் காலை செலக்‌ஷன் மேஸ்திரி சம்பத் குழிப்பக்கம் வந்தான். எந்தத் தோல் முதல் தரம், எது கழிவு என்று பிரிப்பவன் அவன்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே ஆடு எந்தச் சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிடுவான்.

"தனபாக்கியம், மயிர் நீக்கின ஆட்டுத் தோல் ஒண்ணு எட்த்தா. சின்னவரு துப்பாக்கிய டெஸ்ட் பண்ணணுமாம். மனுசன் தோலு மாரி இருக்கணுமாம்" என்றான்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் என் புத்தியும் சும்மா இருக்கவில்லை, பாழாய்ப்போன புத்தி. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோல் உப்பிப்போய், வழுவழுவென்று, ரப்பர் மாதிரி இருக்கும். தடிமன் இரண்டு மடங்கு. அதையே தவிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பைப் போக்கினால் துணி மாதிரி துவண்டுவிடும். அதுதான் மனுஷத் தோலுக்குக் கிட்டத்தில் வருவது. பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். கைக்குட்டை முதலாளிக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

துப்பாக்கி வாங்குகிறவன் ஓட்டை விழுகிறதா என்றுதானே பார்ப்பான் என்று கணக்குப் போட்டேன். விழவில்லையென்றால் சீ, பொம்மை என்று மூன்றையும் திருப்பி அனுப்பிவிடுவான். குண்டு பாயாத துப்பாக்கிதான் அவருக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. "குண்டு உள்ள பூந்துச்சுன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், வேணாம். பூரலன்னா தைரியமா வெச்சிக்கலாம்" என்று அவர் உள்ளே சம்பத்திடம் சொல்லியிருந்தாராம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் குழியில் கையை விட்டு, கிழட்டுக் கிடாவின் தோலாகப் பார்த்து, உப்பியதிலும் உப்பியதாக ஒன்றை உருவினேன். சாமர்த்தியசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். த்தூ!

ஆவாரம் பட்டை மூட்டைமேல் அதை இழுத்துக் கட்டினார்கள். கட்டும்போது சம்பத் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. தோலை அவன் தரம் பிரிப்பான், ஆனால் முதலாளிக்கு எது பிடிக்கிறதோ அதுதான் அவனுக்கு முதல் தரம்.

பத்தடி தள்ளி நின்று சுட்டார். நீளத் துப்பாக்கியின் குண்டு பட்டுக் கீழே விழுந்தது. குட்டையினுடையதும் விழுந்தது. கைத்துப்பாக்கியை எடுத்து டப் டப்பென்று பத்தும் சுட்டார். பத்தும் மண்ணில் உதிர்ந்தன. நான் மனசுக்குள் சிரித்தேன். போடா, எடுத்துக்கொண்டு போ உன் பொம்மையை!

அந்த மனுஷன் குதித்தார்.

"ஒண்ணுகூட உள்ள போகல! பாத்தீங்களா மேஸ்திரி? ஒரு கீறல் இருக்கா? இதான், இதேதான்! இனிமே பயமே இல்ல, எவ்வளவு வேணும்னாலும் சுடலாம்!"

கைத்துப்பாக்கிக்கு ஒரு முத்தம் கொடுத்தார். மற்ற இரண்டையும் அன்றைக்கே பெட்டியில் போட்டு மெட்ராசுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். மனுஷத் தோலில் அது பாயும் என்று எனக்கல்லவா தெரியும். "ஐயா, அது சுண்ணாம்புத் தோலு" என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்பார். அன்றைக்கே என் சீட்டைக் கிழிப்பார். மறுபடி குழிக்கே போய்த் தோல் தூக்கினேன்.

சாயந்திரம் நேரே தேவகி வீட்டுக்கு ஓடினேன்.

"ஏய், அவரு பத்துக் குண்டுத் துப்பாக்கிய வெச்சிக்கிட்டாரு. அந்தப் பக்கம் காலு வெக்காத."

"காலையில சுட்டுப் பாத்தாராமே? ஆட்டுத் தோல்ல ஒரு கீறலும் வுழலயாமே? ஊரே சொல்லிச் சிரிக்குது யக்கா. நீயே பக்கத்துல நின்னியாமே."

"நின்னேன்."

"அப்புறம் இன்னா? காக்கா ஓட்டற துப்பாக்கிக்கு இவ்ளோ பேஜாரா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் வாய் ஓட்டை வாய். நாளைக்குத் தெரு முழுக்கச் சொல்வாள், அது ஷாப்புக்குப் போகும், என் வேலை போகும் என்று நினைத்தேன். ஆமாம், என் வேலையைத்தான் நினைத்தேன். இதை இப்போது நான் மறைத்துப் பேசப் போவதில்லை. சொன்னதையே நாலு தரம் சொல்லித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் தூக்குப்போணியைத் திறந்துகொண்டிருந்தோம். மாடி வராண்டாவில் நாற்காலி போட்டு, பக்கத்தில் எலுமிச்சம்பழத் தண்ணீர் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வேலியைப் பிரித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். முதல் குண்டு ஒருத்தியின் கூடையில் பட்டது. இரண்டாவது இன்னொருத்தியின் முழங்காலில். அவள் "ஆத்தாடி" என்று துள்ளியதும் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தேவகி மட்டும் நிமிர்ந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"இவ்ளோதானா சாமி? இன்னும் ரெண்டு போடு!"

நான் தூக்குப்போணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "தேவகீ! குனிடீ!" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். டப் டப்பென்று இரண்டு கேட்டது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள், களைத்துப்போனவள் உட்காருகிற மாதிரி. இடது கண்ணைப் பொத்தியிருந்த விரல் வழியாக ரத்தம் வந்தது. அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மிச்சமிருந்த குண்டு தீரும்வரை நிறுத்தவில்லை. கடைசி இரண்டு என் முதுகில் பட்டன, இரண்டும் ஜாக்கெட்டைக் கிழித்துச் சதையில் ஏறின. பாவி, சதையில் ஏறும் துப்பாக்கி அது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். அங்கே நர்ஸ் ஜெயபுஷ்பம் நல்லவள். "இன்னொரு கண்ணை ஜாக்கிரதையாப் பாத்துக்கோம்மா" என்று தேவகியின் தலையைத் தடவினாள். குண்டுக் காயம் என்பதால் போலீசுக்குச் சீட்டு போயிற்று. பத்தாம் நாள் சின்ன முதலாளி எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

வாசலில் சம்பத் என்னைத் தனியாக ஓரங்கட்டினான்.

"உள்ள ஒரு பேப்பர் இருக்குது. ரேகை வெச்சுடு. துப்பாக்கிய உன் முன்னாடிதான் டெஸ்ட் பண்ணாங்க, ஆட்டுத் தோல்ல பூரல, ஒண்ணும் ஆவாதுன்னு நீயும் பாத்தே, அவ அத்துமீறி வந்தா, தற்செயலா பட்டுச்சு. அவ்ளோதான்."

"வெக்க மாட்டேன். அது சுண்ணாம்புத் தோலுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உன் தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீ ரேகை வெக்காங்காட்டி, எந்தக் குழியில கைய வுட்டு அத எட்த்தேன்னு அவ முன்னாடியே சொல்லுவேன்."

உள்ளே தேவகி கட்டுப்போட்ட முகத்தோடு நின்றிருந்தாள். சின்ன முதலாளி அவள் பக்கம் பார்க்காமல் பேப்பரைப் படித்தார். படித்து முடித்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"தற்செயலாவா பட்டுச்சு? சுட்டப்ப எங்க அக்கா கூட இருந்துச்சு இல்ல? அதக் கேளுங்க. பட்டினி கெடந்தாலும் எங்க அக்கா பொய் சொல்லாது."

மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். தேவகி என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள், அந்த ஒற்றைக் கண்ணால். சம்பத் தொண்டையைச் செருமினான். நான் விரலை அழுத்தினேன்.

வெளியே வந்து புளியமரம் வரைக்கும் நடந்தோம். முதுகுக் காயம் விண்விண்ணென்று தெறித்தது. அவள் நின்றாள்.

"இன்னா குடுக்கறாங்க உனக்கு?"

ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் ஏன் வைத்தாய் என்று கேட்பாள். அதற்கு நான் அந்தத் தோலைச் சொல்ல வேண்டும். விலைபோனவள் என்று அவள் என்னை நினைத்தால் தாங்கிக்கொள்ளலாம். அவள் கண்ணைப் பறித்தது என் கை என்று தெரிந்தால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்?

"என் வேலைய பர்மனெண்ட் பண்றாங்களாம்" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

தேவகி தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்ப சரி. என் கண்ணு போனதுக்கு உனக்காவது ஒரு வழி பொறந்துச்சே" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் பிடிக்கப்போன கையை விலக்கிக்கொண்டு, வண்டி வருகிறதா என்று தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்து ரோட்டைத் தாண்டிப் போனாள்.