மூலையில் ஒரு துளை

எங்கள் அறிவியல் நூலகத்தைப் போன மாதம் மூடிவிட்டார்கள். கேட்டால் மூடவில்லை, மாற்றியமைத்திருக்கிறோம் என்கிறார்கள். சோபா போட்டிருக்கிறார்கள், காபி இயந்திரம் வைத்திருக்கிறார்கள், புத்தகம்தான் கண்ணில் படவில்லை. வாசலை ஒட்டியிருந்த ஓக் பலகையையும் கழற்றிக் கொண்டுபோய் எங்கேயோ போட்டுவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் அந்தப் பலகைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

முனைவர் ஆகப்போகிறவர்கள் தங்கள் ஆய்வேட்டை அந்தப் பலகையில்தான் ஆணி அடித்து மாட்டுவார்கள். தேர்வுக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் மாட்டியாக வேண்டும். ஊரில் யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுத் தேர்வன்று எழுந்து கேள்வி கேட்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் தேர்வு தள்ளிப்போகும். தடிப் புத்தகத்தில் ஆணி லேசில் இறங்காது என்பதால், மூலையில் துளை போட்டுக் கொடுப்பது என் வேலை. வெளியூர் நூலகங்களிலிருந்து புத்தகம் இரவல் வாங்கித் தருவதும் என் வேலைதான். இரண்டையும் ஒரே மேசையில் செய்ததுதான் வினையாகிவிட்டது.

1983, மே மாதம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஹல்வார் தன் ஆய்வேட்டின் முதல் இரண்டு பிரதிகளோடு வந்தான். ஒன்பது வருஷமாகக் கல்பாசியை ஆராய்ந்தவன். பக்கத்து நாடான நார்வேயின் வடகோடியில், ட்ரொம்ஸோவில் வேலை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் முனைவராகப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. அவன் மனைவி தன் வேலையை விட்டாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாயிற்று.

ஒரு பிரதியைப் படிக்கும் அறையில் ‘புதியவை’ அடுக்கில் வைத்தேன். இன்னொன்றில் துளை போட உட்கார்ந்தபோது மணி பத்தாகப் போகிறது. நிலநடுக்கமே வந்தாலும் எங்கள் ஊரில் பத்து மணிக் காபி தள்ளிப்போகாது. அவசர அவசரமாகத் துளை போட்டு, தேர்வு அறிவிப்புத் தாளை முன்னட்டைமேல் செருகிக் கொடுத்தேன். ஹல்வார் ஓங்கி ஆணி அடித்தான். எல்லோரும் கைதட்டினோம், ஏலக்காய் பன் தின்றோம்.

திங்கட்கிழமை ஹல்வார் திரும்பி வந்தான். அவனுக்காகக் கிழக்கு ஜெர்மனியிலிருந்து இரவல் வாங்கியிருந்த 1908-ஆம் வருஷத்துப் புத்தகம் வேண்டுமென்றான். பழைய புத்தகமாயிற்றே என்று நானே சாம்பல் நிறத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவன் பிரித்தான்.

“ஸிக்னே, இது நான் எழுதின மாதிரியே இருக்கே.”

“அப்படின்னா நல்லாத்தான் இருக்கும், படி.”

“அட, விளையாடல. நெஜமாவே நான் எழுதினதுதான். பேரு போட்டிருக்கு பாரு.”

ஆய்வேட்டின் அட்டையும் அதே சாம்பல் நிறம், அதே அளவு. இரண்டு பேரும் பலகையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே அறிவிப்புத் தாளுக்குக் கீழே ஜெர்மன்காரர்களின் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது.

“மூணு நாளா ஒருத்தன்கூடத் தொறந்து பாக்கல” என்றான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம்.

“மெதுவாப் பேசு. அதைப் பிடுங்கிட்டு இதை மாட்டிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?”

சுத்தியலின் பின்பக்கத்தை ஆணியில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“அந்தச் சுத்தியலக் கீழ வைங்க.”

நூலகத் தலைவி அஸ்தா வென்னர்ஹோம். நாடே ஒருவரையொருவர் ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகியும் ‘நீங்க’ போடுகிற ஒரே பெண்மணி. புத்தகம் ஒரு நாள் பிந்தினால் பேராசிரியருக்கே எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் ‘முத்திரை’ என்றுதான் சொல்வோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பு என்னோடது மேடம், இவன் பாவம். மாட்டின தேதி பதிவேட்டுல வெள்ளிக்கிழமைன்னே இருக்கட்டுமே?”

“இந்த நூலகத்துல பொய் எழுத மாட்டோம்.”

ஹல்வார் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த நிமிஷம் அந்த அம்மாளை நான் வெறுத்தேன்.

“இன்னொரு பிரதி எங்க?” என்றார்.

“படிக்கிற அறையில, வெள்ளிக்கிழமை காலையிலயே வெச்சேன்.”

“வாங்க ரெண்டு பேரும்.”

அடுக்கில் பிரதி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு நின்றது. புத்தகத்தை எடுத்துப்போகிறவர்கள் தேதி, நேரம், பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகும் சீட்டு. எடுத்துப் படித்தேன். மே 6, 11.40, அ. வென்னர்ஹோம்.

“விதியில ஆணிங்கற வார்த்தையே கெடையாது” என்றார். “மூணு வாரம் முன்னாடி பொதுமக்கள் படிக்கக் கிடைக்கணும், அவ்வளவுதான். கிடைச்சுது, படிச்சேன். நானும் பொதுமக்கள்ல ஒருத்திதானே?”

அவர் ஹல்வார் பக்கம் திரும்பினார்.

“நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஒரு அட்டவணை தலைகீழா அச்சாயிருக்கு. அஞ்சாம் அத்தியாயம் ரொம்ப நல்லாருக்கு.”

பல்கலைக்கழகம் அந்தச் சீட்டை ஒப்புக்கொண்டது. இருபத்தேழாம் தேதி ஹல்வார் தேர்வில் வென்றான், ஜூனில் குடும்பத்தோடு வடக்கே போனான். பிறகு ஒரு நாள் பழைய சீட்டுப் பெட்டியைக் குடைந்து பார்த்தேன். அந்தப் பலகையில் மாட்டிய ஒவ்வொரு ஆய்வேட்டையும் முதல் ஆளாக எடுத்துப் படித்தது அவர்தான். யாருமே படிப்பதில்லை என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மிச்சம் இருந்தது துளை விழுந்த புத்தகம். அந்தத் திங்கட்கிழமையே, ஜெர்மன்காரர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் அறைக்குப் போய் நின்றேன்.

“கடிதம் நான் எழுதிக்கிறேன்” என்றார். “மணி பத்தாச்சு, நீங்க காபிக்குப் போங்க.”

என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவர் இறந்தே இருபது வருஷமாகிறது.

நூலகத்தை மூடிய எரிச்சலில் போன வாரம் வீட்டுக் கணினியில் அந்தப் புத்தகத்தைத் தேடினேன். ஜெர்மன்காரர்கள் அதை முழுசாகப் படமெடுத்து எல்லோரும் படிக்கப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூலையில் கறுப்பாக ஒரு வட்டம். என் துளை! இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் விடாமல் புரட்டினேன், தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். எங்கள் நூலகத்தின் தாள், வென்னர்ஹோமின் நிமிர்ந்த கையெழுத்து.

‘இந்தத் துளையைப் போட்டது நான். என் கவனக்குறைவு. என் ஊழியர்கள் யாருக்கும் இதில் பங்கில்லை.’

நான் வாய்விட்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மேலே பார்த்தேன். மே 9, 1983 என்று போட்டிருந்தார். தேதி மட்டும் சரியாக இருந்தது.